குலசாமிக்கு வளர்த்த முடி

என் மூத்த மகளுக்கு ஐந்து வயது ஆகும்வரை தலையில் கத்திரிக்கோல் பட்டதில்லை. அது அவளுடைய ஆசையும் இல்லை, எங்கள் ஆசையும் இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு மார்ச்சளி கட்டி மூச்சுத் திணறியது. தோட்டத்து டிஸ்பென்சர் கொடுத்த மருந்தில் இரண்டு நாளில் தேறிவிட்டாள். ஆனால் அதற்குள் என் அப்பா, யாரையும் கேட்காமல், கிழக்கே பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டுவிட்டார். பிள்ளை பிழைத்தால் முதல் முடியைக் குலசாமிக்கு இறக்குவதாக வேண்டுதல். அதுவரை அவள் தலையில் கத்தி படக்கூடாது.

குலசாமி இருந்தது திருச்சிக்கு வடக்கே, துறையூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். நாங்கள் இருந்தது கந்தப்பளைக்கு மேலே, தேயிலை மலையின் முதுகில், தோட்டப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய இரண்டு அறை வீட்டில். நடுவில் ஒரு கடல்.

அப்பா அந்தக் கிராமத்தில் பிறந்தவர் அல்லர். அவர் பிறந்தது இதே கந்தப்பளையில், கீழ்ப்பிரிவு லயத்தில், தொழிலாளர்களின் ஒட்டு வரிசை வீடு ஒன்றில். அவருடைய அப்பாதான் அங்கிருந்து வந்தவர். அப்பா சிறுவனாக இருந்தபோது ஒரே ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லப்பட்டிருக்கிறார். ஒரு புளியமரமும், சித்தப்பா மகன் ஒருவன் தன்னைக் கிணற்றில் தள்ளப் பார்த்ததும்தான் அவருக்கு நினைவில் இருந்தன. ஆனாலும் வாழ்நாள் முழுக்க அதுதான் அவருக்கு ‘நம்ம ஊரு’. கங்காணியாக இருந்து ஓய்வு பெற்று என்னோடு வந்து தங்கிய பிறகு, இந்த வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறார் என்று நானும் மனைவியும் எங்களுக்குள் சிரித்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. பிறகு சிரிப்பு வரவில்லை.

கந்தப்பளை குளிரில் ஒரு பெண் குழந்தையின் தலைமுடியைக் காயவைப்பது என்ன வேலை என்பது, அங்கே பிள்ளை வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலை பத்து மணிவரை பனி இறங்கிக்கொண்டிருக்கும். பனி போனால் மழை வரும். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றினால் செவ்வாய்க்கிழமையும் பின்கழுத்தில் ஈரம் இருக்கும். என் மனைவி அடுப்படியில் பிள்ளையை உட்கார வைத்து, விறகுச் சூட்டில் முடியை விரித்து விரித்துக் காட்டுவாள். பிள்ளை புகையில் இருமும். தலை முழுக்கப் புகை வாடை. அப்புறம் பேன். வகுப்பில் நான் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன், முதல் வாங்குப் பலகையில் என் சொந்த மகள் இரண்டு கைகளாலும் தலையைச் சொறிந்துகொண்டிருப்பாள். சுகாதாரம் பற்றிப் பாடம் எடுக்கும் வாத்தியாருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

“மாமா, இந்த முடியக் கொஞ்சம் கழுத்து வரைக்கும் வெட்டி விடலாமா? சாமிக்குக் குடுக்கும்போது மிச்சத்தக் குடுத்துக்கலாம்” என்று மனைவி ஒருநாள் அப்பாவிடம் கேட்டாள்.

“சாமிக்கு நேந்தது முழுசா நேந்ததும்மா” என்றார் அப்பா. “மிச்சம் மீதிய யாருக்காச்சும் குடுப்பாங்களா?”

“அப்ப எப்பதான் போறது?”

“நம்ம ஊருக்குப் போறதுக்கு நாளா பாக்கணும். தம்பி லீவு போட்டா போறோம்.”

தம்பி என்பது நான். நான் லீவு போடாததுதான் தடை என்பதுபோல அவர் சொல்வது எனக்கு எரிச்சலாக இருக்கும். முதல் வருஷம் தோட்டத்து மானேஜரான பெரிய துரை விடுமுறை தரவில்லை. தோட்டத்தில் நான் ஒருவன்தான் வாத்தியார். நான் போனால் பிள்ளைகள் மலையில் திரிவார்கள் என்றார். அடுத்த வருஷம் என் மகன் பிறந்தான். அதற்குள் நாடு சுதந்திரமடைந்து சட்டங்கள் மாறி, முன்பு பஸ் ஏறுவதுபோலக் கப்பல் ஏறிப் போய்வந்த நாங்கள், பயணப் பத்திரம் வாங்கினால்தான் போக முடியும், திரும்பி வரவும் முடியும் என்றாகிவிட்டது. அந்தப் பத்திரத்துக்காக நான் நுவரெலியாக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, நடந்த நடையை நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதர் தலையைத் தூக்காமலே “ஹெட்ட எண்ட” என்பார். நாளைக்கு வா என்று அர்த்தம். நாளைக்குப் போனாலும் அதுதான். பள்ளிக்கூடத்தை அரை நாள் மூடிவிட்டு, மழையில் நனைந்து, மரக்கறி லொறியில் இடம் கேட்டு ஏறிப் போவேன். திரும்பி வந்தால் அப்பா வாசலில் நின்று, “கெடச்சிருச்சா?” என்பார். இல்லை என்றால் நான் சரியாகக் கேட்கவில்லை என்று அவருக்கு எண்ணம்.

பத்திரம் கிடைத்ததும் ஒரு டிசம்பர் விடுமுறையில் புறப்பட்டோம். அப்பா கங்காணியாக இருந்த காலத்துக் கறுப்புக் கோட்டையும் தலைப்பாகையையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். நானுஓயாவில் ரயில் ஏறி, பொல்கஹவெலவில் இறங்கி, மணிக்கணக்கில் காத்திருந்து தலைமன்னார் வண்டியைப் பிடித்தோம். மலை இறங்க இறங்க வெயில் கூடியது. மகளின் தலை வியர்த்து, பேன்கள் விழித்துக்கொண்டன. அவள் அழுதாள். மகன் அவளைப் பார்த்து அழுதான். கப்பலில் என் மனைவி வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தாள். அப்பா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கரை தெரிகிறதா என்று பார்த்தபடி நின்றிருந்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவரிடம் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் என் கோபம் கொஞ்சம் இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

தனுஷ்கோடியில் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் மகளின் தலையைக் குச்சியால் விலக்கிப் பார்த்துவிட்டு, “இதை முதல்ல வெட்டும்மா, தலையில புண்ணு வந்திருக்கு பாரு” என்றார்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “சாமிக்கு நேந்ததுங்க. இன்னும் ரெண்டு நாளுதாங்க. தயவு பண்ணணும்.”

“எந்த ஊரு சாமி?”

“துறையூர்ப் பக்கங்க. நம்ம ஊரு.”

பரிசோதகர் அவருடைய கோட்டையும் தலைப்பாகையையும் ஏற இறங்கப் பார்த்தார். “சிலோன்காரரா?” என்று கேட்டுவிட்டு எங்களை விட்டுவிட்டார்.

கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கிணற்றில் தள்ளப் பார்த்த அந்தச் சித்தப்பா மகன்தான் இப்போது குடும்பத்தில் பெரியவர். எனக்குச் சித்தப்பா முறை. அப்பாவைவிட இரண்டு மூன்று வயது இளையவர், ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுவார். எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. அப்பாவுக்கு அது ஏன் என்று புரிந்தது. முற்றத்தில் கால் கழுவும்போதே, “நாங்க நெலத்தக் கேக்க வரலப்பா. பிள்ளைக்கு முடி எறக்க வந்தோம். எறக்கிட்டுப் போயிருவோம்” என்றார். அதற்குப் பிறகு சித்தப்பா உண்மையாகவே சந்தோஷப்பட்டார். கோழி அடித்தார்கள். சித்தி என் மனைவியை உள்ளே கூட்டிப்போய் ஈரக் கூந்தலுக்கு என்ன எண்ணெய் தேய்ப்பது என்று பேசிக்கொண்டிருந்தாள். தெருவிலிருந்து ஆட்கள் வந்து வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலோன் தேயிலை இருக்கிறதா, சிலோன் சோப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். என்னிடம் ஒருவர், “அங்கயும் தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டா?” என்று கேட்டார். உண்டு, அதில் நான்தான் வாத்தியார் என்றேன். நம்பாததுபோலச் சிரித்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. ஊருக்கு மேற்கே, வேலி போட்ட ஒரு திடலில் வேப்பமரமும், அதன் அடியில் எண்ணெய் பூசிய மூன்று கற்களும், நட்டுவைத்த வேலும்தான். பொங்கலுக்குப் பானை, அரிசி, வெல்லம் எல்லாம் எடுத்துக்கொண்டு புறப்பட நின்றோம். அப்பா அதிகாலையிலேயே குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். பிள்ளையின் தலைக்கு மனைவி கடைசித் தடவையாக எண்ணெய் வைத்து வாரி, பின்னிவிட்டிருந்தாள்.

சித்தப்பா வெளியே போயிருந்தவர் வந்தார். கூட இரண்டு வயதானவர்கள். அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார்கள். சித்தப்பா மட்டும் உள்ளே வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, ஒண்ணு சொன்னா மனசுல வச்சுக்கக் கூடாது.”

“சொல்லுப்பா.”

“பங்காளிங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. பெரியப்பா, அதான் உங்கப்பா, அங்க போயி கட்டிக்கிட்டது நம்ம ஆளு இல்லேன்னு ஊருக்கே தெரியும். உங்கள வீட்டுல வச்சு சோறு போடுறதுக்கே ரெண்டு பேரு மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. வேலிக்கு உள்ள விட்டா சாமிக்கு ஆகாதுங்கிறாங்க.”

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். “வேலிக்கு வெளியில, வாய்க்கா ஓரத்துல ஒக்கார வச்சு எறக்கிக்கலாம்னு சொல்லிருக்கேன். அதுக்கு சரின்னுட்டாங்க. முடிய நானே எடுத்துக்கிட்டுப் போயி சாமி காலடியில போட்டுர்றேன். சாமிக்குப் போயிச் சேர்ந்தா சரிதானண்ணே.”

“சரிப்பா. அப்படியே செஞ்சுருவோம்” என்றார் அப்பா.

அப்பாவைப் பெற்றவள் நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டாள். அவள் வேறு சாதி என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அது எனக்குப் பெரிய விஷயமில்லை. லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் யார், இந்தப்பக்கம் யார் என்று பார்த்துக் கட்டிக்கொடுக்க முடியாத காலத்தில், கொழுந்துக் காட்டில் ஒருத்தியைப் பார்த்து என் தாத்தா கட்டிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன். எனக்குப் பொறுக்க முடியாமல் போனது அப்பா சொன்ன ‘சரிப்பா’.

“அப்பா, இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சிருந்தா எதுக்கு எங்கள இம்புட்டுத் தூரம் இழுத்துக்கிட்டு வந்தீங்க?”

“சின்ன வயசுல வந்தப்பயும் எங்கள வேலிக்கு வெளியிலதான் நிக்க வச்சாங்க. அது அந்தக் காலம். இப்ப மாறியிருக்கும்னு நெனச்சேன்.”

“மாறலைல்ல. வாங்க போகலாம்.”

“நேந்தாச்சு தம்பி. எங்க எறக்குனா என்னா? வாய்க்கா ஓரமும் நம்ம ஊருதான்.”

என் மனைவி பொங்கல் பானையைக் கீழே வைத்தாள். மாமனார் முன்னால் குரல் உயர்த்தாதவள். அப்போதும் உயர்த்தவில்லை.

“மாமா, அஞ்சு வருசமா அடுப்படியில ஒக்காந்து இந்த முடியக் காயவச்சது நானு. எம்புள்ள முடி வேலிக்கு வெளியில விழுறதுக்கு நான் அதச் செய்யல.”

சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் மகனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சித்தி வாசல்வரை ஓடிவந்து அழுதாள். அவள் அழுகை பொய் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. முழுக்க முழுக்கக் கெட்டவர்களாக இருந்திருந்தால் நான் நன்றாகக் கோபப்பட்டிருக்கலாம்.

பஸ் நிற்கும் இடத்தில் வெயிலில் நின்றோம். வெகுநேரம் கழித்து அப்பா வந்தார், கையில் சித்தப்பா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழமும் விபூதிப் பொட்டலமும். ரயிலில் சாப்பிடச் சொன்னால் வேண்டாம் என்று தலையாட்டினார்.

பாம்பனில் இராமேஸ்வரம் வண்டிக்கு மாறலாம் என்று சொன்னவள் என் மனைவிதான். “இந்தத் தலையோட நான் வீடு திரும்ப மாட்டேங்க. கடலு இருக்கு, சாமி இருக்கு. போதும்.”

கடற்கரையில் நாவிதர் ஒருவர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். எங்களிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: “முழு மொட்டையா, பூ முடியா?” என்ன சாதி, எந்த ஊர், தாத்தா யாரைக் கட்டினார் என்று எதுவும் இல்லை. ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, கத்தியைக் கல்லில் தீட்டி, பேசிக்கொண்டே வழித்துவிட்டார். ஐந்து வருஷத்து வேலை கால் மணி நேரத்தில் மணலில் கிடந்தது. மகள் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள், கனமே இல்லை என்றாள். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றிருந்தார்.

எனக்கு அப்போது நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு சுலபமாக முடியக்கூடிய ஒன்றுக்காகவா இத்தனை வருஷம் என்றுதான் ஆத்திரம் வந்தது. கந்தப்பளை மாரியம்மன் கோயிலிலேயே முடித்திருக்கலாம். காசுக்கும் காலுக்கும் கேடில்லை.

திரும்பும் வழியிலும் விட்டுவைக்கவில்லை. பாலத்தைத் திரும்பக் கடந்து மண்டபம் முகாமுக்குப் போய், நோய் இல்லை என்று அத்தாட்சி வாங்கினால்தான் கப்பல். அங்கே வாசலில் ஒருவர் ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். “தோட்டத்துக்குப் போறவங்க இந்தப் பக்கம். மத்தவங்க அந்தப் பக்கம்.” நான் அந்தப் பக்கம் நகர்ந்தேன். எங்கே வேலை என்றார். ஆசிரியர் என்றேன். எங்கே ஆசிரியர் என்றார். சொன்னேன்.

“தோட்டத்து வாத்தியார்தானே, இந்தப் பக்கம் வாங்க.”

மருந்துத் தண்ணீரில் குளிக்கவைத்து, துணிகளை ஆவியில் போட்டு எடுத்து, நாட்கணக்கில் உட்காரவைத்துத்தான் விட்டார்கள். கிராமத்தில் சிலோன்காரன், முகாமில் தோட்டத்துக்காரன். கொழும்பில் என்னை இந்தியன் என்பார்கள். இதையெல்லாம் யோசிக்க அங்கே எனக்கு வேண்டிய நேரம் இருந்தது.

ஊர் திரும்பியதும் கந்தப்பளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா என் மகளின் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, “என்ன மாஸ்டர், இந்தப் பனிக்குள்ள புள்ளைட தலைய இப்படி செஞ்சி வச்சிருக்கீங்க” என்று கோபித்துக்கொண்டு, கம்பளித் தொப்பி ஒன்றை எடுத்து அவர் கையாலேயே மாட்டிவிட்டார். அவள் அதைப் பள்ளிக்கூடத்தில்கூடக் கழற்றவில்லை.

நான் அந்தக் காலத்தில் கதை எழுதிக் கொழும்புப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இந்தப் பயணத்தையும் ஒரு கதையாக எழுதி அனுப்பினேன். போட்டார்கள். ஆனால் என் கதை இல்லை அது. லயத்து மனிதர்கள் பேசுவதை இலக்கணத் தமிழுக்கு மாற்றியிருந்தார்கள். ‘போயிருவோம்’ என்றவர்கள் ‘சென்றுவிடுவோம்’ என்றார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். முடிவில் பங்காளிகள் மனம் மாறி வேலிக்குள் அழைக்க, எல்லோரும் பொங்கல் வைத்து உண்பதாக இருந்தது. நேரில் போய்க் கேட்டபோது, “வாசகர் மனம் புண்படக்கூடாது பாருங்கோ” என்றார் பத்திரிகை ஆசிரியர். அவர் நல்ல மனிதர். எனக்குப் பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். தேயிலை எங்கள் பக்கத்துத் தேயிலையாகத்தான் இருந்திருக்கும். வீட்டில் அப்பா அந்தக் கதையை என் மகனை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துவிட்டு, முடிவு நன்றாக இருக்கிறது என்றார்.

இதற்கு இரண்டொரு வருஷம் கழித்துத்தான் என் பிரஜாவுரிமை விசாரணைக்கு நாள் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டத்தில் தோட்டத்து மக்கள் நாங்கள் நாடற்றவர்களாகியிருந்தோம்; விண்ணப்பம் போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நானும் அப்பாவும் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். ஆனால் அப்பா பிறந்ததை யாரும் எங்கும் பதியவில்லை. எனவே நாங்கள் இங்கேயே வேர்விட்டவர்கள், வேறு எங்கும் போகும் எண்ணம் இல்லாதவர்கள் என்று விசாரணையில் காட்ட வேண்டும். அப்பாவைச் சாட்சியாகக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் போகும்போதே சொன்னேன்: “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இங்கதான் பொறந்தேன், இங்கதான் இருக்கப் போறேன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“எனக்குத் தெரியாதா?” என்றார்.

நுவரெலியாவில் ஓர் அலுவலகத்து மேல்மாடி. விசாரணை அதிகாரி சிங்களவர், ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னை முதலில் கேட்டார்கள். சமீபத்தில் இந்தியாவுக்குப் போனீர்களா என்று கேள்வி வந்ததும் போனோம் என்றேன். ஏன் என்றார். மகளுக்கு முடி இறக்க என்றேன். அதிகாரி பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்.

“ஏன், நுவரெலியாவில் பார்பர் இல்லையா?”

அறையில் இருந்த எழுத்தர்கள் சிரித்தார்கள். நான் வேண்டுதல் என்பதை ஆங்கிலத்தில் விளக்க முயன்றேன். என் காதுக்கே அது பொய்போலக் கேட்டது. பிறகு அப்பாவை அழைத்தார்கள். அதே கோட்டு, அதே தலைப்பாகை. அதிகாரி ஏதோ கேட்க, மொழிபெயர்ப்பாளர் திரும்பி, “ஐயா, உங்கட சொந்த ஊர் எது எண்டு கேக்கிறார்” என்றார்.

அப்பா நிமிர்ந்து நின்றார். திருச்சிராப்பள்ளி ஜில்லா என்று தொடங்கி, தாலுகா, கிராமம், குலசாமி என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். அவருடைய குரலில் பெருமை இருந்தது. எந்த வேலிக்குள் அவரை விடவில்லையோ அந்த வேலியைப் பற்றிச் சொல்கிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“சேர், அவர் பிறந்தது கந்தப்பளையில். கேள்வி அவருக்குப் புரியவில்லை” என்று நான் எழுந்து ஆங்கிலத்தில் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள். சாட்சியைக் குழப்பக் கூடாது என்றார்கள்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. நிரந்தரமாக இங்கே வாழும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்றது பதில். அன்று சாயங்காலம் நான் அப்பாவிடம் பேசியதுபோல வாழ்நாளில் பேசியதில்லை.

“நீங்க எங்க பொறந்தீங்க?”

“கந்தப்பளையில.”

“அதச் சொல்ல வேண்டியதுதானே அங்க.”

“அவரு பொறந்த எடத்தக் கேக்கலையே தம்பி. சொந்த ஊரத்தான கேட்டாரு. அதுக்குப் பொய்யா சொல்ல முடியும்?”

நான் தமிழ் வாத்தியார். ஊர் என்ற சொல்லுக்கு எங்கள் லயங்களில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். புதிதாக வேலைக்கு வரும் ஆளை யாரும் நீ எங்கே பிறந்தாய் என்று கேட்பதில்லை. எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். இங்கேயே மூன்று தலைமுறை பிறந்தவனும் சேலம், நாமக்கல், புதுக்கோட்டை என்றுதான் பதில் சொல்வான். அப்பா கேள்வியைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். மொழிபெயர்ப்பாளரும் தப்பாகச் சொல்லவில்லை. இதில் யாரைப் பிடித்து உலுக்குவது? என் மனைவி நடுவில் வந்து, “வயசானவர விடுங்க, அந்த ஒரு வார்த்தையில்லேன்னா வேற ஒரு வார்த்தையப் பிடிச்சிருப்பாங்க” என்றாள். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஹட்டனில் ஒரு வக்கீலைப் பிடித்து மேல்முறையீடு செய்தேன். அதுவும் தள்ளுபடியானது. நான் அப்பாவோடு சில வாரங்கள் பேசாமல் இருந்தேன். அவர் ஒன்றும் நடக்காததுபோல என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

சில வருஷங்களில் அப்பா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை. தோட்டத்து மயானத்தில், மேல்மலைச் சரிவில் புதைத்தோம். சித்தப்பாவுக்குத் தந்தி கொடுத்தேன். பதில் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, எங்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று கேட்டு அறிவித்தல்கள் வரத் தொடங்கியதிலிருந்து பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, மலையில் கொழுந்தெடுத்து நிறுத்துவிட்டு, கம்பளியும் கூடையுமாக நேரே வருகிறார்கள். நான் வாசித்துக் காட்டுகிறேன். வாசித்து முடித்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்.

“நீங்க எந்த நாட்டுக்கு எழுதிப் போடுறீங்க மாஸ்டர்?”

“இன்னும் முடிவு பண்ணல” என்கிறேன்.

நேற்று ஒரு பெண், என்னிடம் படித்தவள்தான், இப்போது அவள் பிள்ளையும் என்னிடம் படிக்கிறது, கோபித்துக்கொண்டாள். “எங்களுக்குச் சொல்ல மாட்டேங்கிறீங்க. உள்ளுக்குள்ள முடிவு பண்ணிட்டுத்தான் இருப்பீங்க” என்றாள். இல்லை அம்மா, உண்மையாகவே தெரியவில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு, தனக்குள் ஏதோ சொல்லியபடி குறுக்குப் பாதையில் லயத்துக்கு இறங்கிப் போனாள். நான் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை.